பின்பக்கத்தில் எழுதியவர்கள்

ஜூலை 1, திங்கள்

பெட்டிகள் வந்துவிட்டன. பதினேழு அட்டைப்பெட்டிகள், எல்லாம் முன்பு பிஸ்கட் வந்தவை. முட்டைக்கோழிகளைக் கம்பிக் கூண்டில் அடைத்து வளர்ப்பதை மூன்று வருடத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று ஒரு வரைவு விதி. அதைப் பற்றிப் பொதுமக்கள் அறுபது நாளுக்குள் கருத்துச் சொல்லலாம் என்று ஓர் அறிவிப்பு. வந்த கருத்துகளைப் படித்து, வகை பிரித்து, குழுவுக்கு அறிக்கை தருவது எங்கள் துறையின் வேலை. பதினான்காயிரத்துச் சொச்சம் கடிதங்கள். மின்னஞ்சல்களையும் அச்செடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "ஃபைலுக்கு மேடம்" என்றார் குழுவின் செயலர் சதானந்தம்.

மெர்லின் பெட்டிகளைச் சுற்றி வந்தாள். போன வருடம்தான் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தவள், எதற்கும் வியக்கக்கூடியவள்.

"மேடம், இவ்ளோ பேரா கோழியப் பத்தி யோசிக்கிறாங்க?"

"யோசிச்சாங்களான்னு தெரியாது. கையெழுத்துப் போட்டிருக்காங்க."

குக்கர் வாஷர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 3, புதன்

வகைப்படுத்தும் வழிகாட்டியை எழுதி முடித்தேன். பத்து விதிகள். முக்கியமானவை மூன்று. அச்சடித்த ஒரே வாசகம் எத்தனை வந்தாலும் ஒரு கருத்துதான். கையெழுத்துகளை மட்டும் எண்ண வேண்டும். கடிதம் எழுதியவரைத் தெரிந்திருந்தால், படிப்பதை நிறுத்தி மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வியாக, 'குழுவிலோ குழுவுக்காக வேலை செய்பவர்களிலோ உங்களுக்கு உறவினர் உண்டா?' என்று கேட்க வேண்டும்.

சதானந்தம் படித்துவிட்டு, "கோழி விஷயத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடா?" என்றார். கட்டுப்பாடு கோழிக்கில்லை, நமக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஜூலை 5, வெள்ளி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பி12 குறைவு. "தினம் ஒரு முட்டை சாப்பிடுங்க. நீங்க வெஜிடேரியனா?" என்றார் டாக்டர். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் சாப்பிடறதில்ல?" பழக்கமில்லை என்றேன். பன்னிரண்டு வருடப் பழக்கமின்மை.

தெருமுனைக் கடையில் ஆறு முட்டை வாங்கினேன். நாமக்கல்லா என்று கேட்டேன். "வேற எங்கேர்ந்துக்கா வரும்?" என்றார் கடைக்காரர். எந்தப் பண்ணை என்பது அவருக்கும் தெரியாது, லாரிக்காரருக்கும் தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

நாமக்கல் மாவட்டப் பெட்டிகள் ஆறையும் நானே எடுத்துக்கொண்டேன். மெர்லின் நாகர்கோவில்காரி, கொங்குப் பக்கத்துப் பெயர்களும் ஊர்களும் அவளுக்குப் பிடிபடாது. அது ஒன்றுதான் காரணம்.

அனேகமாக எல்லாம் ஒரே அச்சு. 'இந்த விதி எங்கள் வாழ்வாதாரத்தை அழிக்கும், முற்றிலும் எதிர்க்கிறோம்.' கீழே பெயர், ஊர், கையெழுத்து. மெர்லினின் பெட்டிகளில் அதற்கு நேரெதிரான ஒரே அச்சு: 'கொடுமையை நிறுத்துங்கள்.' சென்னை, கோவை, பெங்களூரு. அதிலும் எழுத்துப்பிழை உட்பட ஒன்று போலவே ஐயாயிரம். மக்கள் கருத்து என்பது இரண்டு ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவே நடக்கும் சண்டை.

கட்டுகளைப் பின்கோடு வாரியாக அடுக்கினேன்.

"அது கோடிங் ஷீட்ல இல்லியே மேடம்?"

"ஒழுங்கா இருக்கட்டும்னுதான்."

ஜூலை 10, புதன்

த. கோகிலா. கையெழுத்தில் கடைசி எழுத்தை இழுத்து அதன் கீழே இரண்டு புள்ளி வைப்பது ஆறாம் வகுப்பில் தொடங்கியது. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். நான் விட்டுவிட்டேன், அவள் விடவில்லை.

என் தங்கை. அவளும் அவள் கணவர் தனசேகரும் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. அச்சுப் படிவம், எதிர்ப்பு, கையெழுத்து ஒன்று. எண்ணிக்கையில் சேர்த்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

இதில் எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 11, வியாழன்

வாஷர் வாங்கியாயிற்று. அளவு தவறு.

ஜூலை 16, செவ்வாய்

மதியம் மெர்லின் எல்லோருக்கும் சாப்பாடு சொல்லப் பேனாவோடு உட்கார்ந்தாள். கைக்கு எட்டிய கட்டிலிருந்து ஒரு தாளை உருவித் திருப்பிப் போட்டாள்.

"அது ஆவணம் மெர்லின். ரஃப் பேப்பர் இல்ல."

"சாரி மேடம். எண்ணி முடிச்ச கட்டுதானேன்னு..." என்றவள் தாளையே பார்த்தாள். "மேடம், இதுல ஏற்கெனவே எழுதியிருக்கு."

பின்பக்கம் நீல மையில் பதினைந்து வரிகள். மோகனூர் பக்கத்து ஆள் ஒருவர். கூண்டை எடுத்தால் முட்டை மேல் எச்சம் படும், அதற்கு யார் வழி சொல்வார்கள் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எந்த அச்சிலும் இல்லாத கேள்வி.

இன்னும் ஐம்பது தாள்களைத் திருப்பினோம். மூன்றில் எழுத்து.

'அச்சுப் படிவங்களின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்.' என் வழிகாட்டியில் ஐந்தாவது விதி. நேரத்தை மிச்சப்படுத்த நானே எழுதியது. இருபத்து மூன்று வருடமாகக் கருத்துக் கணிப்பு நடத்துகிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் எந்தத் தாளையும் பின்பக்கம் காலியாக விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் திருமண அழைப்பிதழின் பின்னால்தான் அப்பா தீவனக் கணக்குப் போடுவார்.

ஜூலை 17, புதன்

சதானந்தத்திடம் போனில் சொன்னேன். இருபத்தாறாம் தேதி அறிக்கை தர முடியாது, ஆறாயிரத்து இருநூற்று நான்கு தாள்களையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

"மேடம், முன்பக்கம் எதிர்க்கிறேன்னு கையெழுத்துப் போட்டவன் பின்பக்கம் என்ன ஆதரவா எழுதப் போறான்? கண்டுக்காம விடுங்க."

"தப்பு என்னோடது. அப்படியே எழுதிக் குடுத்துடறேன்."

"எழுத்துலயா?" அந்தச் சொல்தான் அவரை அசைத்தது. பத்து நாள் கிடைத்தது.

ஜூலை 22, திங்கள்

இதுவரை நாலாயிரம் தாள்கள் திருப்பியாயிற்று. பின்பக்கம் எழுதியவர்கள் இருநூற்று ஐம்பது பேருக்கு மேல். ஒருவர் தன் ஊருக்கு எட்டாம் நம்பர் பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்கிறார். ஒருவர் தீவனத்தில் மக்காச்சோளத்துக்குப் பதிலாக என்ன போடலாம் என்று படம் வரைந்திருக்கிறார். ஒரு பெண், அலகு வெட்டும்போது குஞ்சுகள் போடும் சத்தத்தில் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்றும், இதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். முன்பக்கம் கையெழுத்து வீட்டுக்காரருடையது.

மெர்லின் படிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னாடி ஊருக்காகப் போட்டிருக்காங்க மேடம். பின்னாடி யாருக்காக எழுதியிருக்காங்க?"

படிப்பார்கள் என்று நம்பியா, படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்திலா?

கோகிலாவின் பின்கோடுக் கட்டு மேசையின் இடது ஓரத்தில் இருக்கிறது. வரிசைப்படி அது கடைசி. வரிசையை மாற்றத் தேவையில்லை.

ஜூலை 24, புதன்

திருப்பினேன். பின்பக்கம் எழுதியிருந்தது.

விதிப்படி நிறுத்தியிருக்க வேண்டும். படித்துவிட்டேன். இங்கே பிரதி எடுக்கிறேன். இதுவும் விதிப்படி தவறு.

'ஐயா, முன்பக்கம் கையெழுத்துப் போட்டது நான்தான். சங்கத்தில் கொடுத்தார்கள், எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன். அது பொய் இல்லை. மூன்று வருசத்தில் மாற்றச் சொன்னால் எட்டாயிரம் கோழி வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்கள் மூடிவிட்டுப் போவோம். லட்சம் கோழி வைத்திருப்பவர் எங்கள் இடத்தையும் சேர்த்துக்கொள்வார்.

போன வருசம் ஆடிக் காற்றில் ரெண்டாவது ஷெட்டின் கூரை பறந்து கூண்டு வரிசை சாய்ந்துவிட்டது. முந்நூறு கோழியைப் பழைய தீவன ரூமில் தரையில் விட்டோம். மூன்று நாள் ஒன்றுகூட நகரவில்லை. சுற்றிலும் கம்பி இருக்கிற மாதிரியே நின்றன. நாலாம் நாள் ஒரு கோழி மூலையில் கிடந்த மண்ணில் படுத்துப் புரண்டது. இறக்கையை விரித்து மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டது. அது பிறந்ததிலிருந்து மண்ணைப் பார்த்ததில்லை. யாரும் சொல்லியும் கொடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் புரள ஆரம்பித்துவிட்டன. பத்து நாளில் புதுக் கூண்டு வந்தது. நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே போட்டேன். அந்த வேலையை வேறு யாரிடமும் சொல்ல மனசு வரவில்லை.

கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் இந்தத் தாளைவிட நாலு விரற்கடை குறைவு. அதனால் நானும் கீழே நாலு விரற்கடை விட்டுத்தான் எழுதுகிறேன். ஏழு வருசம் கொடுங்கள். மாற்றிக் காட்டுகிறோம்.'

இதற்குப் பிறகு இன்னும் மூன்று வரிகள். பொருளுக்குத் தொடர்பில்லாதவை. விட்டுவிட்டேன்.

எழுத்து கீழே வர வரச் சிறுத்து, கடைசி வரிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. அதற்குக் கீழே நாலு விரற்கடை வெள்ளைத் தாள். என் விரல்களை வைத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. எங்கள் இருவருக்கும் ஒரே அளவு விரல்.

ஜூலை 25, வியாழன்

கண்ணாடி பவர் மாறியிருக்கிறது. புதிதாகச் செய்யக் கொடுத்தேன். அதுவரை நுணுக்கமான வேலை எதுவும் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை மெர்லினிடம் ஒப்படைப்பது உட்பட.

ஜூலை 29, திங்கள்

கண்ணாடி வந்துவிட்டது. சட்டம் பெரிது, கடைக்காரப் பெண் இதுதான் இப்போது எல்லோரும் போடுவது என்றாள்.

கடிதத்தை மெர்லினிடம் கொடுத்தேன். மேலே சிறு சீட்டு: 'எழுதியவர் எனக்கு உறவு. படித்துவிட்டேன். நீங்கள் வகைப்படுத்தவும். ஹேமலதா.' அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு இவ்வளவு நாகரிகம் உண்டு என்று நான் நினைத்திருக்கவில்லை.

முட்டை ஆறும் கெட்டுவிட்டன என்று தோன்றியது. தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மூழ்கின. நல்லவைதான். திரும்ப உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

பின்பக்கம் எழுதியவர்கள் மொத்தம் முந்நூற்றுத் தொண்ணூற்றொரு பேர். அதில் பாதிக்கு மேல் 'வேண்டாம்' என்பதைத் தவிர வேறு ஏதோ சொல்கிறார்கள்: காலம் கொடுங்கள், வழி சொல்லுங்கள், முதலில் பெரிய பண்ணைகளில் தொடங்குங்கள். நாமக்கல் கூட்டத்தில் பேச அவர்களில் பத்துப் பேரைக் குழு கூப்பிடுகிறது. தேர்ந்தெடுத்தது மெர்லின். பட்டியலில் ஏழாவது பெயர் த. கோகிலா.

"லெட்டர் நல்லா இருந்துச்சு மேடம். அதுக்காக மட்டும்தான்."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"அந்தக் கடைசி மூணு வரி..." என்று ஆரம்பித்தாள்.

"அதுக்கு எந்தக் கோடு போட்டீங்க?"

"'பிற' மேடம்."

சரியான வகைப்பாடுதான். அந்த வரிகள் இவை: 'எங்கள் வீட்டில் ஒருத்தர் இதைப் பற்றி முன்னமே பத்திரிகையில் எழுதினார். எழுதினது தப்பில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.'

அந்தக் கட்டுரைக்கு முன் பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். நான்கு நாள் தங்கினேன். அவள் ஷெட்டைச் சுற்றிக் காட்டினாள், பெருமையாக. நான் போட்டோ எடுத்தேன். கட்டுரையில் ஊர் பெயரோ ஆள் பெயரோ போடவில்லை. ஆய்வு ஒழுக்கம் தவறவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். போட்டோவின் ஓரத்தில் அவளுடைய பச்சைப் புடவை முந்தானை தெரிந்தது. ஊரில் எல்லோருக்கும் அந்தப் புடவை தெரியும். சங்கக் கூட்டத்தில் மாப்பிள்ளை தனசேகரை எழுந்து நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவள் போனில் சொன்னது ஒரே வாக்கியம்: "நாலு நாளு என்ற கையில சோறு தின்னியே, அதையும் எழுதியிருக்கலாமல்லோ."

பதில் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருடம் இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

சதானந்தத்திடம் கேட்டேன்: கூட்டத்துக்கு நான் வர வேண்டுமா, மெர்லின் போதாதா?

"வழிகாட்டி எழுதினவங்க இல்லாம எப்படி மேடம்?"

பச்சைப் புடவை எதுவும் எடுத்துப்போக வேண்டாம் என்று பெட்டி அடுக்கும்போது தோன்றியது. என்னிடம் பச்சைப் புடவையே கிடையாது.

ஆகஸ்ட் 21, புதன். நாமக்கல்

கல்யாண மண்டபம். மேடையில் குழுவினர், பக்கவாட்டு மேசையில் நானும் மெர்லினும். கீழே பண்ணைக்காரர்கள் நானூறு பேர் இருக்கலாம். வலதுபுறம் கோவையிலிருந்து வந்த விலங்கு நல அமைப்பினர் முப்பது பேர், ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில். காலை ஒன்பதரையிலிருந்து மின்விசிறிச் சத்தம்.

ஒவ்வொருவராக மைக்குக்கு வந்தார்கள். சதானந்தம் முதல் கேள்வியைப் படித்தார்: குழுவிலோ குழுவுக்காக வேலை செய்பவர்களிலோ உறவினர் உண்டா? ஆறு பேரும் இல்லீங்க, இல்லீங்க என்றார்கள். ஒருவர், "இருந்தா நா எதுக்குங்க வரிசைல நிக்கறேன்" என்று சொல்லிச் சிரிப்பு வாங்கினார்.

ஏழாவது பெயரைக் கூப்பிட்டார்கள். நடுவரிசையிலிருந்து எழுந்தாள். முடி முன்பக்கம் நரைத்திருக்கிறது, சாயம் போடவில்லை. இடது காலை லேசாகத் தாங்கி நடக்கிறாள். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் அவள் காலுக்கு என்னவோ ஆகியிருக்கிறது.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்டார்: "ஏ அம்மிணி, கோழிக்கெல்லாம் கட்டிலு மெத்தை போடச் சொல்லப் போறியாக்கும்?"

அவள் திரும்பினாள். "போட்டா மொதல்ல நீங்கதான் போய்ப் படுத்துக்குவீங்க மாமா. கோழிக்கு எங்க எடமிருக்கும்?"

மண்டபம் சிரித்து முடிக்க நேரமானது. மேடையில் தலைவர்கூடச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

சதானந்தம் படித்தார்: "குழுவிலோ குழுவுக்காக வேலை செய்பவர்களிலோ உங்களுக்கு உறவினர் உண்டா?"

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு மேடையையே பார்த்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. எனக்கு என் சொந்தக் கேள்வியின் நீளம் தாங்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று தயாரானேன். அப்படிச் சொன்னால் பதிவேட்டில் அப்படித்தான் ஏறும், நான் எதிர்க்க முடியாது. எதிர்க்க எனக்கு உரிமையும் இல்லை.

"இருக்குதுங்க," என்றாள்.

சதானந்தம் நிமிர்ந்தார். காலையிலிருந்து இந்தப் பதில் வரவில்லை. "யாரும்மா?"

"அந்த ஓரத்து மேசையில கண்ணாடி போட்டுட்டு உக்காந்திருக்கறாங்கல்லங்க, அவங்க."

"என்ன உறவு?"

"பேசிக்கறதில்லீங்க."

"அது சரிம்மா. உறவு என்னன்னு எழுதணும்ல?"

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "அக்கான்னு எழுதிக்குங்க."

நானூறு தலைகள் திரும்பின. அந்த ஊருக்கு என்னை ஞாபகமிருந்தது. முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் என்னிடம் கேட்டார். கடிதத்தை விதிப்படி மெர்லினிடம் ஒப்படைத்துவிட்டேன் என்றேன். என்றைக்கு என்று கேட்டார். படித்தபின் ஐந்து நாள் தாமதமாக என்றேன். குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் பதினொரு நிமிடம் பேசினாள். என் குறிப்பேட்டில் அந்தப் பதினொரு நிமிடத்துக்கு ஒன்றுமில்லை. ஒலிப்பதிவு இருக்கிறது. கூரை பறந்த கதையைச் சொன்னபோது யாரும் கேலி செய்யவில்லை என்பது மட்டும் ஞாபகமிருக்கிறது. அவள் உட்காரப் போகும்போது அதே பெரியவர், "ஏழு வருசம் நமக்கும் பத்தாது அம்மிணி" என்றார், இந்த முறை சத்தமில்லாமல்.

தேநீர் இடைவேளையில் கூட்டம் என்னை விலகிச் சுற்றிப் போனது. அவள் நேராக வந்தாள். ஒரு கையில் தேநீர்க் கப். மாப்பிள்ளை தூணோரம் நின்று செல்போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"கண்ணாடி புதுசா?"

"போன மாசம்."

"மூஞ்சிக்குப் பெருசா இருக்குது."

"ஆமா."

"மாத்திக்க."

கப்பைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். காலுக்கு என்ன என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ரயிலில் மெர்லின் அவித்த முட்டை வாங்கினாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். சாப்பிட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

இறுதி அறிக்கை போயாயிற்று. அட்டவணையில் எதிர்ப்பு என்ற கட்டத்தில் ஆறாயிரத்து இருநூற்று நான்கு என்றே இருக்கிறது. அதன் கீழ் ஓர் அடிக்குறிப்பு, பின்பக்கம் எழுதிய முந்நூற்றுத் தொண்ணூற்றொரு பேரைப் பற்றி, ஒன்றரைப் பக்கம். சதானந்தம் பின்னிணைப்புக்குத் தள்ளச் சொன்னார், மறுத்துவிட்டேன். குழு மூன்று வருடத்தை ஐந்தாக மாற்றப் பரிந்துரைக்கப்போவதாகக் கேள்வி. அரசு என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. அந்த முந்நூறு கோழிகளின் ஆயுள் எப்படியும் அதற்குள் முடிந்துவிடும்.

கூட்ட நடவடிக்கைப் பதிவின் மெய்ப்பு இன்று வந்தது. பக்கம் 31:

'கேள்வி: உறவினர் உண்டா? பதில்: உண்டு. பேசிக்கொள்வதில்லை. உறவு: அக்கா.'

மதியம் சதானந்தம் போன் செய்தார்.

"மேடம், அந்த 'பேசிக்கொள்வதில்லை' தேவையா? உறவு என்னன்னு இருந்தா போதுமே. எடுத்துடவா?"

"சாட்சி சொன்னதை நாம எடுக்க முடியாது."

"அப்ப இருக்கட்டுமா? கையெழுத்துப் போட்டு அனுப்பிடறீங்களா?"

"பதிவுல இருக்கறது சரியான்னு பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். ஒரு நாள் குடுங்க."

"இதுல என்ன மேடம் பாக்கறதுக்கு?"

சரிபார்க்காத தகவலில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதைச் சரிபார்க்க ஒரே ஒருவரைத்தான் கேட்க முடியும். மணி மூன்று. முட்டை பொறுக்கி முடித்துக் கை கழுவியிருப்பாள். பழைய எண் என்னிடம் இருக்கிறது, மாறியிருக்கலாம். முதலில் காலைப் பற்றிக் கேட்க வேண்டும்.

எண்ணை அழுத்திவிட்டேன். அந்தப் பக்கம் மணி அடிக்கிறது.